லாஞ்சுப் பச்சை

எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாக எல்லாப் பேச்சும் அம்மா வழியாகத்தான் போகிறது. நைனாவுக்கு டீ வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார். ஷெட்டில் லைட்டை அணைக்காமல் போனது யாரென்று தெரிய வேண்டுமென்றால் நானும் அம்மாவிடம்தான் கேட்பேன். மூன்று பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்போம். "நடுவுல நான் இன்னா டெலிபோன் எக்ஸேஞ்சா?" என்று அம்மா கத்துவாள். கத்திவிட்டு, கொஞ்சம் காரம் கூட்டி, சேதியைச் சேர்த்துவிடுவாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பச்சை நிறம்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. அதன் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட்டில் நைனாவின் அம்பாசடர் நிற்கிறது. மார்க் டூ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கப்பல் ஏஜென்சி பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டியபோது வாங்கியது. நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அதனால் தன் மூத்த பிள்ளை அதுதான் என்பார். சொன்னால் சொல்லட்டும். மூத்த பிள்ளையை எப்படி வைத்திருந்தார் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் சந்தில் டிசம்பர் பிறந்தால் பெயின்ட் அடிக்காத பொருள் இருக்காது. கேட், ஜன்னல் கம்பி, கட்டில், தண்ணி டிரம், கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற பலகை எல்லாவற்றுக்கும் புதுப் பூச்சு. டப்பாவில் மீந்ததை நைனா ஷெட்டுக்கு எடுத்துப் போவார், பானெட்டைத் திறப்பார், பிரஷ்ஷால் எஞ்சினுக்கு அடிப்பார். ஒரு வருஷம் ஜன்னலின் நீலம், ஒரு வருஷம் கட்டிலின் பிரவுன். கடைசியாக ஏழெட்டு வருஷம் தொடர்ந்து சில்வர். "எஞ்சினுக்கு சில்வருதான். ஆயில் ஒழுகினா பளிச்சுனு தெரியும்" என்பார். ஒழுகியது, தெரிந்தது, அதன் மேலேயே அடுத்த டிசம்பரும் அடித்தார்.

நான் மெக்கானிக்கல் படித்தேன். படித்து முடித்து, திருவொற்றியூரைத் தாண்டி ஒரு உதிரி பாகக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு இத்தனை நூறு புஷ், அதாவது சின்னச் சின்ன இரும்பு வளையம், என்று கணக்கு. ஒவ்வொன்றையும் கேஜில் விட்டுப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நல்லது இந்த டப்பா, கெட்டது அந்த டப்பா. இரண்டு வருஷம் இதையே செய்தால் சாப்பாட்டுத் தட்டில் இட்லியைப் பார்த்தாலும் விட்டம் அளக்கத் தோன்றும். எனக்கு அங்கிருந்து வெளியே வர வேண்டும். போக வேண்டிய இடமும் தெரியும். அடையாறு பக்கம் பழைய கார்களைப் பிரித்து, அது பிறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிச் செய்கிற ஒரு ஒர்க்‌ஷாப்.

அதன் முதலாளிக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்காவது முறை எடுத்தார்.

"சர்டிஃபிகேட் எல்லாம் அனுப்பாதீங்க. நான் பாக்கறதில்ல. ஒரு எஞ்சின் செஞ்சு வைங்க, வந்து பாக்கறேன். கலர் சரியா இருக்கணும். அதுல தப்பு பண்றவங்க எல்லாத்துலயும் தப்பு பண்ணுவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க, ராயபுரமா? சரி, ஒரு சண்டே பாக்கலாம்" என்றார். ராயபுரம் என்று அவர் சொன்ன விதத்திலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டது கேட்டது.

அன்றைக்கே நைனாவிடம் போய் நின்றேன். எஞ்சினை இறக்கப் போகிறேன், சுத்தம் செய்து சரியான கலர் அடிக்கப் போகிறேன், அடித்துக் காட்டினால் அடையாறில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிடுவேன் என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன். அது என் பழக்கம்.

"சரியான கலரு இன்னா? சில்வருதான்."

"சில்வர் இல்ல நைனா. கம்பெனியில அடிச்ச கலர். நீ அடிச்சு வெச்சிருக்கிறது ஒரே கலீஜு."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நீயே கண்டுபுடி" என்றார். இனி இந்த விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஒழிந்தது தொல்லை என்றுதான் நினைத்தேன்.

கனம் தூக்குகிற செயின் பிளாக் வாடகைக்கு எடுத்து எஞ்சினை இறக்கினேன். ஆங்கிள் வெல்டு அடித்த ஸ்டாண்டில் ஏற்றினேன். பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன், அங்கே கேட்டேன். ஒருவர் கறுப்பு என்றார். ஒருவர் கரும்பச்சை. ஒருவர் சாம்பல். நான்காமவர் மற்ற மூவரையும் முட்டாள் என்றார், ஆனால் கலரைச் சொல்லவில்லை. கடைசியில் ஒருத்தர் உருப்படியாக ஒன்று எழுதினார்: மேலே சுரண்டாதே, ஏதாவது பார்ட்டைக் கழற்றி அதன் அடியில் பார், பிற்காலத்துப் பிரஷ் போகாத இடத்தில் முதல் பெயின்ட் அப்படியே இருக்கும்.

சரியான யோசனை என்று குதித்தேன். மவுன்டிங் பிராக்கெட்டைக் கழற்றினேன். அது எஞ்சின் பிளாக்கோடு ஒட்டி உட்கார்ந்திருந்த இடத்தைத் துணியால் துடைத்தேன். பச்சை. அடர்த்தியான, கொஞ்சம் மஞ்சள் ஓடிய பச்சை. சந்தேகத்துக்கு வேறு இடத்திலும் பிளேடால் படிப்படியாகச் சுரண்டினேன். சில்வர், சில்வர், பிரவுன், நீலம், ரெட் ஆக்சைடு, அத்தனைக்கும் அடியில் அதே பச்சை. இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று, இரண்டும் ஒத்துப்போகிறது. என் கம்பெனியில் இதற்கு மேல் எவனும் கேட்க மாட்டான், ஓகே ஸ்டாம்ப் விழுந்துவிடும்.

ஒரு செதிலை மாத்திரை அட்டையின் ஃபாயிலில் மடித்து எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனேன். காசிமேட்டுக்குத் திரும்புகிற முனையில், கலர் கலக்கும் மெஷின் வைத்திருக்கிற கடை. கடைக்காரர் ஃபாயிலைப் பிரித்தார், மெஷின் பக்கம்கூடத் திரும்பவில்லை.

"லாஞ்சுப் பச்சைம்மா இது."

"இன்னாண்ணா?"

"மீன் புடிக்கப் போற மோட்டார் போட்டு, லாஞ்சு, அந்த எஞ்சினுக்கு அடிக்கிற பச்சை. அப்பல்லாம் ஆர்பர்ல அத்தனை லாஞ்சுலயும் இதான் இருக்கும். டின்னு டின்னா போவும்."

"இது கார் எஞ்சின்ணா."

"காரா? மீன் புடிக்கிற காரா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் கையில் வலை பின்னுகிற நைலான் கண்டு வைத்திருந்தார், அவருக்குத்தான் சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்குக் காது சுட்டது. "மெஷின்ல வைங்கண்ணா. உங்க கருத்து வேணாம்" என்றேன்.

"கோச்சுக்காத தங்கச்சி. மெஷினும் அதத்தான் சொல்லப்போவுது, இன்னா, இங்லீஷ்ல சொல்லும்."

லாஞ்சுக்கே பெயின்ட் விற்கிறவருக்கு உலகத்தில் உள்ள பச்சை எல்லாம் லாஞ்சாகத்தான் தெரியும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதை ஐந்து நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஐந்து நிமிஷம் யோசிப்பது எனக்கு வராத காரியம்.

பத்து நாள் வேலை. ரிமூவர் போட்டுப் பழைய பெயின்டை எல்லாம் எடுத்தேன். உப்புத்தாளால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். எங்கள் ஊரில் பெயின்ட் அடிப்பதற்கு வெயிலைப் பார்த்தால் போதாது. கடல் காத்து கிளம்பிவிட்டால் உப்பு, வடக்கிலிருந்து அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், இரண்டும் இல்லாத நேரத்தில் கன்டெய்னர் லாரித் தூசு. விடியற்காலை லாரிகள் வரிசையில் நிற்கத் தொடங்கும் முன் ஒரு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். தார்ப்பாயால் ஷெட்டை மூடிக்கொண்டு அதற்குள் அடித்தேன்.

எஞ்சின் நம்பர் பொறித்த சின்னத் தகடு பிளாக்கின் மேல் ரிவெட் அடித்து இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அந்த நம்பர்தான், அதனால் அதன் மேல் பெயின்ட் படக்கூடாது. அதற்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, முடி அளவு மீறிய டேப்பை பிளேடால் நறுக்கினேன். அந்தத் தகட்டுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். மூக்கு இரும்பில் உரசுகிற தூரத்தில் குனிந்து செய்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நைனா தினமும் டம்ளரோடு வந்து ஷெட் வாசலில் நிற்பார். வேலையைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்து முடிப்பார். டின் மூடியைத் திறந்த அன்றைக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாதிரி ஓடியது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது.

"இன்னா?" என்றேன்.

"ஒண்ணியும் இல்ல."

"அப்போ தள்ளி நில்லு நைனா, தூசு பறக்குது. உனுக்கு இதெல்லாம் தெரியாது."

தள்ளி நின்றார்.

அடித்து முடித்தபோது எஞ்சின் நனைந்த வாழை இலை மாதிரி மின்னியது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "கோயில்ல மொதல் நன்மை வாங்க ஜோடிச்சுகினு போற புள்ள மாதிரி கீது" என்றாள். அடையாறு முதலாளிக்குப் போன் போட்டேன். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் மாட்டிய கண்ணாடி. காரைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு, மீன் தண்ணீர் ஓடுகிற ஓரத்தைத் தாண்டித் தாண்டி வந்தார். அம்மா கொடுத்த காபியை வாங்கி ஒரு வாய்கூடக் குடிக்காமல் பெட்டி மேல் வைத்தார். நைனா எழுந்திருக்கவும் இல்லை, வணக்கம் சொல்லவும் இல்லை. வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

முதலாளி எஞ்சினை ஒரு சுற்று சுற்றி வந்தார். தொடவில்லை.

"சாம்பிள் எங்க எடுத்தீங்க?"

தயாராக இருந்தேன். "மவுன்டிங் பிராக்கெட்டுக்கு அடியில சார். பிரஷ் போகாத இடம்."

"பிராக்கெட்டுக்கு அடியில பெயின்ட் இருந்துதா?"

"ஃபுல்லா இருந்துது சார்."

"அதான் கேக்கறேன். அங்க எப்படி இருக்கும்? கம்பெனியில பிராக்கெட் எல்லாம் மாட்டி முடிச்சிட்டுத்தான் எஞ்சினுக்கு ஸ்ப்ரே அடிப்பாங்க. அதுக்கு அடியில வெறும் இரும்புதான் இருக்கணும். இருக்குன்னா யாரோ மொத்தமா பிரிச்சு, வெறும் பிளாக்குக்கு அடிச்சிருக்காங்க. இந்த எஞ்சின் முன்னாடி இறங்கியிருக்கா?"

"இல்ல சார்." ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இப்பதான் ஃபர்ஸ்ட் டைம்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ரெண்டு தபா எறங்கிக்கீது."

திரும்பினேன். நைனா பேப்பரை மடித்து மடியில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, வந்தவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"மொத தபா இவ பொறக்கறதுக்கு முன்னாடி. ரெண்டாவது, இவ தவழ்ந்துகினு இருந்தா. சிலிண்டரு தேஞ்சு போச்சு, போர் போடணும்னு காசிமேட்டுல லாஞ்சு எஞ்சின் பாக்குற மேஸ்திரி கைல குடுத்தேன். அவுங்க காஸ்டிக் போட்டு பழசெல்லாம் கழுவிட்டு, ஒரு பார்ட்டு மாட்டறதுக்கு முன்னாடி வெறும் பிளாக்குக்கு ஒரு எடம் வுடாம பச்ச அடிப்பாங்க. உப்புக் காத்துக்கு. ஒரு பொட்டு வுட்டாலும் அங்கருந்து துரு புடிக்கும். கடல்ல போற எஞ்சினுக்கு அப்டித்தான். கார் எஞ்சின்னா மட்டும் மாத்தியா செய்வாங்க?"

வேறு எந்த ஊராக இருந்தாலும் பிராக்கெட்டுக்கு அடியில் வெறும் இரும்பைப் பார்த்து, அந்த வாட்ஸ்அப் யோசனையைத் தூக்கிப் போட்டிருப்பேன். எங்கள் ஊரில், எங்கள் மேஸ்திரிகள் பிரஷ் போகாத இடம் பார்த்துத்தான் முதலில் பிரஷ்ஷை விடுவார்கள்.

அந்த மனிதர் முதல் தடவையாக நைனாவை மரியாதையாகப் பார்த்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு பையிலிருந்து டார்ச் எடுத்து எஞ்சின் நம்பர் தகட்டின் மேல் அடித்தார். கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"காஸ்டிக் போட்டவங்க இங்க மட்டும் வந்திருக்க மாட்டாங்க. நம்பர் அழிஞ்சா வம்பு." ரிவெட்டின் தலையைச் சுற்றி சுண்டுவிரல் நகத்தை ஓட்டினார். "வாங்க. பாருங்க."

குனிந்தேன். ரிவெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில், நூல் இழை தடிமனுக்கு, ஒரு கலர். பச்சை இல்லை. மங்கலான சாம்பல், அதில் கொஞ்சம் நீலம். என் டேப் நின்ற இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முக்கால் மணி நேரம் அதன் மேல்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

"டேப் சுத்தமா ஒட்டியிருக்கீங்க. பெயின்ட்டும் நல்லா விழுந்திருக்கு. ஆனா அடிக்க என்கிட்ட ஆள் இருக்காங்கம்மா. பாக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

அவ்வளவுதான். நான் சம்பளம் வாங்குவதே பார்ப்பதற்குத்தான் என்று அவருக்குத் தெரியாது. தெரியாதது நல்லதாகப் போயிற்று. "இன்னொரு சான்ஸ் குடுங்க சார், திரும்ப அடிக்கிறேன்" என்றேன். "பாக்கலாம்" என்றார். அது எந்தப் பாக்கலாம் என்று ராயபுரத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போய்விட்டார். காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

அவர் கார் திரும்புகிற வரைதான் பொறுத்தேன்.

"ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"பச்சை டின்னைத் தொறக்கும்போது பக்கத்துலதான நின்னுகினு இருந்த!"

"நின்னுகினுதான் இருந்தேன். தள்ளி நில்லு, உனுக்குத் தெரியாதுன்ன. தள்ளி நின்னேன்."

"பத்து நாள் நைனா! பத்து நாளா நான் தேய்ச்சுகினு கிடந்தேன், நீ டீ குடிச்சுகினு வேடிக்கை பாத்த!"

"நீ என் வண்டிய கலீஜுன்ன. முப்பது வருசம் ஓடுன வண்டி. ஒரு நாளு நடு ரோட்ல நிக்கல. நீ பொறக்கறதுக்கு உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு ஏத்திகினு போன வண்டி."

"அதுக்கும் கலருக்கும் இன்னா சம்பந்தம்?"

சத்தம் கேட்டு அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எதிர் வீட்டு மாடியில் இரண்டு தலைகள் முளைத்தன. நைனா அவர்களை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தினார், ஆனால் வார்த்தையைத் தாழ்த்தவில்லை.

"சரி, சொன்னேன்னே வெச்சுக்க. சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? அடையாறு போயிருப்ப. ஹாஸ்டல்ல குந்திகினு எவன் எவன் வூட்டு வண்டிக்கோ பாலிஷ் போட்டுகினு கெடப்ப. காபிய வாயில வெக்காத ஆளுக்கு கூழ கும்புடு போட்டுகினு."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ தெரிஞ்சேதான் வுட்டியா?"

நைனா பேப்பரை விரித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார், அதை யாரும் சொல்லவும் இல்லை.

அவர் பதில் சொல்லாத அந்த இடத்திலிருந்துதான் நானும் பேச்சை நிறுத்தினேன். கேட்காதது என் தப்பு. கடைக்காரர் சொல்லியும் காதில் வாங்காததும் என் தப்பு. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்பு செய்கிறவளுக்கும், அவள் தப்பு செய்து முடிக்கிற வரை டம்ளரோடு நின்று பார்க்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் பயந்து செய்தார், பாசத்தில் செய்தார் என்று கோயிலில் ஒரு சிஸ்டர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். என் வேலையைத் தின்றது அந்தப் பாசம்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறே ரிமூவர் வாங்கினேன். கம்பெனியிலிருந்து என் லென்ஸைக் கொண்டுவந்தேன். ரிவெட் ஓரத்தில் இருந்த அந்த இழையில் ஊசி முனை அளவுகூட எடுக்க வரவில்லை. எடுத்தாலும் மெஷினுக்குப் போதாது. கண்ணால் பார்த்துத்தான் கலக்க வேண்டும். பெயின்ட் கடைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. கறுப்பு, வெள்ளை, நீலம் மூன்றிலும் சின்ன டின் கொடுத்துவிட்டு, "தகர மூடியில தடவி காய வெச்சுப் பாரு. ஈரத்துல பாக்காத, ஏமாத்தும்" என்றார். பதினேழு மூடி ஆயிற்று. பதினேழாவது மூடியைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்தேன். கம்பெனியில் இரண்டு வருஷத்தில் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

அடித்தேன். பிராக்கெட் எல்லாம் மாட்டிய பிறகு.

போட்டோ எடுத்து அடையாறு மனிதருக்கு அனுப்பினேன். தகட்டையும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்று, முழு எஞ்சின் ஒன்று. இரண்டு நீல டிக் வந்தது. வேறொன்றும் வரவில்லை. போன வாரம் வரை திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்ப்பதில்லை. திங்கள் முதல் சனி வரை புஷ்ஷைப் பார்க்கிறேன். நல்லது இந்த டப்பா, கெட்டது அந்த டப்பா.

டிசம்பர் பிறந்துவிட்டது. கேட்டுக்கு அடித்தாயிற்று, கட்டிலுக்கு அடித்தாயிற்று. நேற்று நைனா ஒரு லிட்டர் சில்வர் வாங்கி வந்து ஜன்னல் திட்டில், நான் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே வைத்தார். அதன் மேல் புது பிரஷ். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஷெட்டு சாவி எங்கன்னு கேக்குறாரு."

அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுன்னு சொல்லும்மா."

சாவி என் கழுத்தில்தான் இருக்கிறது, செயினில், சிலுவைக்குப் பக்கத்தில். சுடிதாருக்கு மேலே, அவர் கண்ணில் படுகிற மாதிரித்தான் போட்டிருக்கிறேன்.